மட்டாஞ்சேரிப் பள்ளியின் மூங்கில் தட்டி

வியாழக்கிழமை

டேப் ரிக்கார்டரோடு பயணம் போவதைவிடக் கைக்குழந்தையோடு போவது எவ்வளவோ மேல். குழந்தை என்றால் யாராவது ஒரு நிமிஷம் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். இந்தச் சனியனுக்குக் கை நீட்ட ஒருவரும் இல்லை. பொள்ளாச்சி ஸ்டேஷனில் காலை வண்டியில் அதை ஏற்றிவிட்ட போர்ட்டர், "என்னங்கம்மா, தையல் மிஷினுங்களா?" என்றான். "இல்லப்பா, பேசற மிஷின்" என்றேன். அவன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு எட்டணா கேட்டான். தையல் மிஷின் என்று சொல்லியிருந்தால் நாலணாவோடு போயிருக்கும்.

நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவள். பயிற்சிக்கு வருகிறவர் ஒரு வகுப்பை நடத்துவார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறைகளைக் குறித்துக்கொள்வார்கள். விமர்சனப் பாடம் என்று அதற்குப் பெயர். குறை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? ஆனால் குறை கேட்டவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரே பிடியாக நிற்பார். அந்த வருஷந்தான் எங்கள் பள்ளிக்கு டேப் ரிக்கார்டர் வந்தது. அதற்கப்புறம் அந்தச் சண்டை ஓய்ந்தது. அவரவர் குரலே அவரவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதைத் தூக்கிக்கொண்டு நான் போனது சைனபாவுக்காக. பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கொச்சியில் தலைமுறையாகத் தங்கிவிட்ட ராவுத்தர் வீட்டுப் பெண். மட்டாஞ்சேரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு அவள்தான் டீச்சர். முந்தைய வருஷம் வந்த கல்வி அதிகாரி, "தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகள் மந்தம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். நாலாம் வகுப்பு அப்படியே மறுபடியும் நாலாம் வகுப்பில் உட்கார்ந்தது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் பெற்றவர்கள் பிள்ளைகளை நிறுத்தி இஞ்சித் தோல் சுரண்ட அனுப்பிவிடுவார்கள். "அதிகாரி செவ்வாய்க்கிழமை வர்றாருக்கா. நான் எங்க பிழை செய்யறேன்னு எனக்கே தெரியல, வந்து கேட்டுச் சொல்லுங்க" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் தலைமையாசிரியை மிஷினைக் கொடுப்பதற்குள் என் பாதி உயிரை எடுத்துவிட்டார்.

பாலக்காடு வந்து, ஒலவக்கோட்டில் வண்டி மாறி, ஷொரணூர், திருச்சூர் என்று ஊர்ந்து, பெரியாற்றைத் தாண்டி ஆலுவாவில் நின்றபோது மதியச் சோற்று நேரம் கடந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மரவியாபாரி நல்ல மனிதர். எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, சாயாவும் வாங்கிக் கொடுத்தார். "டீச்சர் எவிடேக்கா?" என்றார். மட்டாஞ்சேரிப் பள்ளி என்றேன். "ஆ, அவிடெ பாண்டி கிளாஸ் உண்டல்லோ. அதிலேக்காணோ?" என்றார். அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்குப் பாண்டி என்று பேர். வைகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்குத்தான் சாயா கசந்தது.

எர்ணாகுளம் படகுத்துறையில் எனக்குப் பத்துப் பைசா டிக்கெட், மிஷினுக்கும் பத்துப் பைசா டிக்கெட். அரை மணி நேரக் காயல் பயணம். மட்டாஞ்சேரியில் இறங்கும்போதே சுக்கு நெடி மூக்கில் ஏறிவிட்டது. மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகளுக்கு வழிவிட்டு, யூதர்கள் குடியிருக்கும் ஜூ டவுன் தெருமுனையைத் தாண்டி, இரண்டு சுக்குக் கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் போனால் பள்ளிக்கூடம். அதற்குப் பின்னால் சைனபாவின் வீடு. வாசலுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் காசிம் சாய்வாக உட்கார்ந்திருந்தார். கிடங்கில் இஞ்சிக்குச் சுண்ணாம்பு போட்டுப் போட்டு அவர் நெஞ்சே போய்விட்டது. ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை மூச்சு வாங்கினார். அந்த வீடு சைனபாவின் சம்பளத்தில் நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை

பள்ளிக்கூடம் என்பது நீளமாக ஒரே ஓட்டுக் கூடம். வகுப்புக்கு வகுப்பு சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். தட்டிக்கு இந்தப் பக்கம் சைனபாவின் தமிழ் நாலாம் வகுப்பு: முனிசிபாலிட்டியில் தெருக்கூட்டுகிறவர்கள், சலவைக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பக்கம் ராகவன் மாஷின் மலையாள நாலாம் வகுப்பு. வாத்தியாரை அங்கே மாஷ் என்பார்கள். மாஷின் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடேயப்பா, அது தொண்டையா, துறைமுகத்துச் சங்கா!

"வெறுதே கத்தும் அந்த ஆளு" என்றாள் சைனபா. "நானும் கத்துவேன். அஞ்சு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல."

பள்ளியில் மின்சாரம் இல்லை. எதிர்ச் சாயாக் கடையிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தோம். மிஷினை அவள் மேஜைக்கடியில் தட்டியை ஒட்டி வைத்துவிட்டு, நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குப் பாடம் காவிரி. சைனபா நன்றாகத்தான் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கண்கள் எங்கேயோ இருந்தன.

"காவிரி எங்க பொறக்குது? பாக்கியம், நீ சொல்லு."

பாக்கியம் என்பது எண்ணெய் காணாத தலையோடு ஓர் ஒல்லிப் பெண். எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்: "எட்டு."

வகுப்பு சிரித்தது. "என்னாடி எட்டு? நான் என்ன கேட்டேன்?" பாக்கியம் விழித்தாள். "கேக்கறதக் காதுல வாங்காம வாய்க்கு வந்தத சொல்லுவியா?" என்று சைனபா பிரம்பை எடுத்து உள்ளங்கையில் இரண்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தட்டிக்கு அப்பால் மாஷ், "உத்தரம் பறயெடா, உத்தரம்!" என்று முழங்கினார். எனக்குத் தெரிந்த உத்தரம் கூரைக்கடியில் கிடக்கிற மரம். விழப்போகிறதோ என்று பயந்து அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் என்றால் அங்கே பதில் என்று சைனபா பிற்பாடு சொன்னாள்.

சனிக்கிழமை

சைனபா வீட்டிலும் கரண்ட் கிடையாது. ஆகவே சாயாக் கடையின் பின்னறையில் மிஷினைப் போட்டுக் கேட்டோம். கேட்டதும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சைனபாவின் குரல் மெல்லிசாக எங்கேயோ கேட்கிறது, மேலே மாஷின் குரல் இடியாக உருளுகிறது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, கதவருகில் நிஜ மாஷே நின்றார். கடையின் முன்பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர், கையில் கிளாஸோடு வந்துவிட்டார்.

"இது என்றெ சப்தமல்லே?"

"உங்க சத்தமேதான்" என்றேன். "உள்ள வாங்க. வந்து நீங்களே கேளுங்க."

அவர் உட்கார்ந்தார். சைனபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டேப் ஓடியது. காவிரி எங்கே பிறக்குது என்ற கேள்விக்குச் சற்று முன்னால் மாஷின் குரல்: "பதினேழில் நின்னு ஒன்பது போயால் எத்ர?" பிறகு சைனபாவின் கேள்வி. பிறகு பாக்கியம்: "எட்டு."

 "நிறுத்து, நிறுத்து" என்று நானே கத்திக்கொண்டு நானே ரீலைப் பின்னால் சுற்றினேன். மறுபடியும் கேட்டோம். பதினேழில் ஒன்பது போனால் எட்டு. அந்தக் குழந்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேள்விதான் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இன்னும் எத்தனையோ. மாஷ் கணக்குக் கேட்கக் கேட்கத் தட்டிக்கு இந்தப் பக்கத்தில் நாலைந்து வாய்கள் முணுமுணுப்பாகப் பதில் சொல்கின்றன. மைக்குக்குப் பக்கத்து முதல் பெஞ்சு அது. பிறந்ததிலிருந்து தெருவில் மலையாளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். பெரிய குரல் எதுவோ அதற்குக் காது போய்விட்டது. சைனபா மந்தம் என்று நினைத்த பிள்ளைகள் வருஷம் முழுவதும் அடுத்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாஷுக்கும் அதில் ஒரு பாடம் கிடைத்தது. கேள்வியைக் கேட்டு மூச்சு விடுவதற்குள் தானே பதிலையும் சொல்லிவிடுகிறார். அவருடைய பிள்ளைகள் வாய் திறக்க இடமே இல்லை. பதில் சொன்னதெல்லாம் தட்டிக்கு இந்தப் பக்கத்துக் குழந்தைகள்தான். "அய்யோ, என்றெ குட்டிகள் ஒண்ணும் பறயுன்னில்லல்லோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

 "எட்டு" என்ற குரலுக்குப் பின்னால் பிரம்புச் சத்தம் இரண்டு தடவை கேட்கும். "இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றாள் சைனபா. போட்டேன். அவள் உள்ளங்கையை மடியில் மூடி வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை

ஞாயிறு முழுவதும் அவர்கள் இரண்டு பேரும் சாயாக் கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஐந்து வருஷம் பேசாததையெல்லாம் ஒரே நாளில் பேசித் தீர்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். திங்கள் காலையில் இருவருமாகத் தட்டியின் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகச் சாய்த்தார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

கணக்கு இரண்டு வகுப்புக்கும் சேர்த்து. மாஷ் மலையாளத்தில் கேட்பார், சைனபா அதையே தமிழில் சொல்வாள். கேட்டதும் மாஷ் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சைனபா தலைத்துணியைச் சரிசெய்து முடிக்கிறவரை திறக்கக்கூடாது. அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட அடையாளம். முதல் தடவை மாஷுக்கு முகமெல்லாம் சிவந்து நரம்பு புடைத்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்த மௌனத்தில் ஒரு கை எழுந்தது, பிறகு இன்னொன்று. பாக்கியம் கரும்பலகைக்கு வந்து கடன்வாங்கிக் கழிப்பதைப் போட்டுக் காட்டினாள். புரியாத ஒரு மலையாளப் பையனுக்குப் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக விளக்கவும் செய்தாள். அவன் அவளுக்குக் காயலிலிருந்து கடலுக்குப் போகும் வழியை வரைந்து காட்டினான். மொழிப்பாடத்துக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்து தனித்தனியாகப் படித்தார்கள். மாஷ் தாழ்ந்த குரலில் பேசினார்! பயிற்சிப் பள்ளியில் இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொடுப்பதை முதல் தடவையாக நடக்கப் பார்த்தேன். அதையும் பதிவு பண்ணினேன்.

சாயங்காலம் மாஷ் சைனபா வீட்டுக்குத் தயங்கித் தயங்கி வந்தார்.

"டீச்சரே, ஒரு காரியம் பறயட்டே? நாளைக்கு ஓபீஸர் வரும்போள் தட்டி வேணும். தட்டி இல்லெங்கில் அயாள் ரெண்டு கிளாஸ் காணில்ல, ஒண்ணே காணும். ஒரு கிளாஸினு ஒரு டீச்சர் மதி என்னு பறயும்."

ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் போதும் என்று அதிகாரி சொல்லிவிடுவாராம். இதை நான் யோசிக்கவே இல்லை. காசிம் உள்ளேயிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தட்டியக் கட்டிரு புள்ள" என்றார். சைனபா இருட்டுவதற்கு முன் போய்க் கட்டிவிட்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை

அதிகாரி கெட்டவர் இல்லை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியரோடு வெள்ளை வேட்டியில் அமைதியாக வந்தார், பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகை செய்தார், எனக்குக்கூட வணக்கம் சொன்னார். அவர் கத்திவிட்டுப் போயிருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் இருந்திருக்காது.

"டீச்சர் சோதிச்சோளூ. ஞான் கேட்டிரிக்காம்" என்று நாற்காலியில் அமர்ந்தார். நீங்களே கேள்வி கேளுங்கள், நான் கவனிக்கிறேன் என்கிறார். அதிகாரி வந்திருப்பதால் தட்டிக்கு அந்தப் பக்கம் மாஷ் வகுப்பையே அடக்கி வைத்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. பழகிய அந்தக் குரல் இல்லாமல் பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். முதல் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது பையன் தரையைப் பார்த்தான்.

சைனபா நிச்சயமாகத் தெரிந்ததைக் கேட்போம் என்று நினைத்திருக்க வேண்டும். "பாக்கியம், பதினேழுல ஒம்பது போனா என்ன?"

பாக்கியம் எழுந்தாள். வாயைத் திறந்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அதே இடம், அதே டீச்சர். போன தடவை அந்த இடத்தில் நின்று "எட்டு" என்று சொன்னதற்குத்தான் அடி விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"மந்தம்" என்று அதிகாரி மெதுவாக, வருத்தமாகத்தான் சொன்னார். பேனாவின் மூடியைத் திருகினார்.

நான் சைனபாவைப் பார்த்தேன். அவள் பாக்கியத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தட்டியருகே போய்க் கயிற்றின் முடிச்சை இழுத்தாள். அது இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். தட்டி சடசடவென்று சரிந்து, புழுதி கிளப்பிக்கொண்டு தரையில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் மாஷ் சாக்பீஸும் கையுமாகத் திகைத்து நின்றார்.

"கேளுங்க மாஷே" என்றாள் சைனபா.

மாஷ் அவளைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை அசைத்தார். "கேளுங்க" என்றாள் மறுபடியும். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "பதினேழில் நின்னு ஒன்பது போயால் எத்ர?" என்றார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். சைனபா தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"எட்டு" என்றாள் பாக்கியம். சைனபா, "சரிதான், எட்டு" என்று உரக்கச் சொன்னாள்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் எழுந்துகொண்டே இருந்தன. அதிகாரி தானே எழுந்து நின்று கேள்வி கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் தேறியதாகச் சொல்லிவிட்டு, தலைமையாசிரியரிடம் திரும்பினார்.

"குட்டிகளுக்கு மலயாளம் நல்லோணம் மனசிலாகுன்னுண்டல்லோ. பின்னெ ரெண்டு டிவிஷன் எந்தினா? ஒண்ணு போரே?"

பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகப் புரிகிறதே, இரண்டு பிரிவு எதற்கு, ஒன்று போதாதா என்று அர்த்தம். எனக்கு மலையாளம் அரைகுறைதான், ஆனால் அது நன்றாகவே புரிந்தது. ஜூனிலிருந்து தமிழ்ப் பிரிவு இல்லை, தமிழ் டீச்சரும் இல்லை. ரொம்ப நல்ல முறை, மற்றப் பள்ளிகளிலும் செய்ய வேண்டியது என்று சைனபாவுக்குக் கைகூப்பிப் பாராட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

 "இரண்டு பேர் சேர்ந்து நின்றதால்தானே ஐயா நடந்தது? ஒருத்தரை எடுத்துவிட்டால் எப்படி நடக்கும்?" என்று வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்டேன். "டீச்சர் பொள்ளாச்சியில் நின்னல்லே?" என்று, பொள்ளாச்சியிலிருந்து வந்தவருக்கு இதில் என்ன என்பதுபோல, மரியாதையாகக் கேட்டுவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார்.

புதன்கிழமை

படகுத்துறைவரை மாஷும் சைனபாவும் வந்தார்கள். மிஷினை மாஷ் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். வழியெல்லாம் ஒரே புலம்பல்: "அறுபது குட்டிகளாகும். ஒற்றைக்கு ஞான் எங்ஙனெ வாய் பூட்டி நிக்கும்? சத்தமிட்டே பற்றூ." அவர் மறுபடியும் கத்தத்தான் போகிறார். பாக்கியம் கடைசிப் பெஞ்சில் உட்காரத்தான் போகிறாள். இதை அவரே என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்பின் டேப்பை எடுத்து சைனபாவிடம் நீட்டினேன். பள்ளிச் சொத்து, என்ன வந்தாலும் வரட்டும் என்றுதான் நீட்டினேன்.

"எங்க போட்டுக் கேக்கறது? வீட்டுல கரண்டே இல்லியேக்கா" என்றாள். "உங்க பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க."

"இனி என்னடி பண்ணுவே?"

"கிடங்குல ஆள் எடுக்கறாங்க. இஞ்சி சொரண்ட." காசிமின் நெஞ்சு இரண்டு பேருக்கும் நினைவுக்கு வந்தது.  படகு மணி அடித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தட்டிய அவுத்தது தப்பாக்கா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பில்லை என்று சொல்வதற்குள் படகுக்காரன் மிஷினை வாங்கி உள்ளே வைத்து, "கேறு கேறு" என்று என்னை அவசரப்படுத்தினான்.

பொள்ளாச்சியில்

எங்கள் பயிற்சிப் பள்ளியில் தட்டி கிடையாது. ஒன்றரை அடிச் செங்கல் சுவர். அடுத்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஜூலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை டேப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு ஆசிரியர்கள் கூடி நடத்தும் பாடத்துக்கு அதைவிட நல்ல மாதிரி என்னிடம் இல்லை. மாஷ் கேள்வி கேட்கிறார், மௌனம், தலைத்துணி சரசரக்கிறது, பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். எல்லோரும் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். "அருமையா இருக்குதுங்க" என்றார் ஒருவர்.

முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். "டீச்சர், அந்தத் தமிழ் டீச்சர் இப்ப எந்த ஸ்கூல்லீங்க இருக்காங்க?"

நான் வாயைத் திறந்தேன். டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மாஷின் குரல், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து மகளிடம் பதில் கேட்பதுபோல ஒலித்தது: "உத்தரம் பற, மோளே."

நான் அண்ணாந்து கூரைக்கடியில் உத்தரத்தைப் பார்த்தேன்.